நீல பெஞ்சுகள்

நம் புதுக்கவிதையில் முகமிழந்தவர்களின் ஜனத்தொகை மிக அதிகம். பஸ்ஸில் போகிறவன் முகமிழந்தவன். கியூவில் நிற்கிறவன் முகமிழந்தவன். ஆபீஸ் குமாஸ்தா சொல்லவே வேண்டாம். முகமூடியைக் கழற்றினால் அடியில் இன்னொரு முகமூடி. இந்தப் படிமத்தை முதலில் எழுதியவருக்கு அது ஒரு அனுபவமாக இருந்திருக்கலாம். பின்னால் வந்தவர்களுக்கு அது கையிருப்புச் சரக்கு. நான் வங்கியில் குமாஸ்தா என்பதால் இந்தக் கவிதைகள் என்னைப் பற்றியும்தான் பேசுகின்றன என்று தெரிகிறது. என் முகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தினமும் காலையில் அதைச் சவரம் செய்கிறேன்.

உண்மையாகவே முகத்தை இழந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முகம் செய்து கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்ட ஒரு சர்ஜன் இருந்தார். அவரைப் பற்றிச் சில காலமாகப் படித்துவருகிறேன். படிமம் எங்கே முடிகிறது, விஷயம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க எனக்கு இதைவிட நேரான வழி தெரியவில்லை.

1914-லிருந்து 1918 வரை நடந்த யுத்தத்தில் படைவீரன் பூமிக்குள் நின்றான். உடம்பு பதுங்குகுழிக்குள், எட்டிப் பார்க்கும் தலை மட்டும் வெளியே. பீரங்கிக் குண்டு வெடித்துச் சிதறும் உலோகத் துண்டு மூக்கையோ தாடையையோ ஒரு பக்கத்துக் கன்னத்தையோ எடுத்துக்கொண்டு போயிற்று. இரும்புத் தொப்பி வந்தபின் மண்டை தப்பியது. முன்பானால் செத்திருக்கக்கூடியவன் பிழைத்தான், முகமில்லாமல். பி.ஏ.யில் அந்த யுத்தத்தின் கவிஞர்கள் எங்களுக்குப் பாடம். விஷப்புகையில் திணறுகிறவன் வந்தான், காலிழந்தவன் வந்தான். தாடையிழந்தவன் வந்ததாக நினைவில்லை. பென்ஷன் கணக்குப் போட்ட பிரிட்டிஷ் குமாஸ்தாக்கள் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். மிகக் கடுமையாகச் சிதைந்த முகம் முழுப் பென்ஷனுக்குரிய ஊனம் என்று அட்டவணையில் சேர்த்தார்கள். முகம் சுமை தூக்குவதில்லை, மண்வெட்டி பிடிப்பதில்லை. ஆனாலும் அது போனால் ஒருவன் பிழைப்பு போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஹரால்ட் கில்லீஸ் 1882-ல் நியூஸிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரானார். கோல்ப் ஆட்டத்தில் பெயர் வாங்கியவர். யுத்தம் வராமலிருந்தால் சீமான்களின் தொண்டைகளைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருந்திருப்பார். 1915-ல் பிரான்ஸுக்குப் போனவர், வலாடியே என்ற பல் வைத்தியர் நொறுங்கிய தாடைகளைச் சேர்த்துக்கட்டுவதைப் பார்த்தார். பாரிஸில் இப்போலீத் மொரெஸ்தேன் என்ற சர்ஜன், ஒரு நோயாளியின் முகத்திலிருந்து புற்றை அறுத்தெடுத்து, பக்கத்துத் தோலை நகர்த்தி அந்தக் குழியை மூடியதைப் பார்த்தார். அதன் பிறகு அவருக்கு வேறு தொழில் இல்லை.

1916 ஜனவரியில் ஆல்டர்ஷாட் ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு வார்டு கிடைத்தது. யுத்த இலாகாவை நம்பிக்கொண்டிருக்காமல், லண்டனில் ஒரு கடையில் தன் கைக்காசு பத்துப் பவுனுக்கு லேபிள்கள் வாங்கி, ஆல்டர்ஷாட்டில் தன் விலாசத்தை அதில் போட்டு, முகத்தில் அடிபட்டவர்கள்மேல் இதைக் குத்தி அனுப்புங்கள் என்று பிரான்ஸுக்கு அனுப்பிவைத்தார். விலாசத்துக்கு நாம் முகவரி என்றும் சொல்கிறோம். முகம் போனவர்கள் முகவரியோடு வந்து இறங்கினார்கள். அந்த ஜூலையில் ஸோம் நதிக்கரையில் பெரும்போர் தொடங்கியபோது இருநூறு பேருக்கு இடம் தயாராக இருந்தது. வந்தவர்கள் இரண்டாயிரம்.

இடம் போதவில்லை. 1917-ல் கில்லீஸ் தன் வேலையை லண்டனுக்குத் தென்கிழக்கே ஸிட்கப் என்ற சிற்றூருக்கு மாற்றிக்கொண்டார். முகத்துக்கென்றே அங்கே ஒரு ஆஸ்பத்திரி எழுந்தது. சர்ஜனோடு பல் வைத்தியர், மயக்கமருந்து வைத்தியர், சிற்பி, புகைப்படக்காரர், ஓவியர் என்று ஒரு பட்டறையே குடிபோயிற்று. கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்துப் படைகளின் சர்ஜன்களும் அங்கே சேர்ந்துகொண்டார்கள். மூக்கும் வாயும் சர்ஜனுக்கு வேண்டியிருக்கும்போது முகத்தில் மயக்கமருந்து மூடியை எங்கே வைப்பது? குழாய் ஒன்றை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி மயக்கம் கொடுக்கும் முறையை அந்த ஆஸ்பத்திரியில்தான் மகில், ரோபாதம் என்ற இரு டாக்டர்கள் வளர்த்தெடுத்தார்கள். யுத்தத்துக்குப் பின்னும் வருஷக்கணக்கில் வேலை நடந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். பதினோராயிரத்துக்கு மேல் ஆப்பரேஷன்கள். ஓர் ஆளுக்கு ஓர் ஆப்பரேஷன் போதவில்லை என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

தோலை எங்கிருந்து கொண்டுவந்தாலும் அதற்கு ரத்தம் ஓடவேண்டும். முழுக்க அறுத்தெடுத்த கனமான தோல் அழுகிவிடும். ஆகவே ஒரு முனையை உடம்போடு விட்டுவைத்து மறுமுனையைக் கொண்டுபோய்த் தைப்பார்கள். ரத்த ஓட்டம் புது இடத்தில் பிடித்தபின் பழைய முனையை வெட்டுவார்கள். 1917 அக்டோபரில், ஜட்லாந்து கடற்போரில் வெந்துபோன ஒரு மாலுமிக்கு ஆப்பரேஷன் செய்கையில், நெஞ்சிலிருந்து உரித்த தோலின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருள்வதைக் கில்லீஸ் கவனித்தார். சுருண்டதைச் சுருண்டபடியே குழாயாகத் தைத்துவிட்டார். ரத்தம் நன்றாக ஓடியது. உள்பக்கம் மூடியிருந்ததால் சீழ் பிடிப்பதும் குறைந்தது. பெனிசிலின் இல்லாத காலம் அது. ருஷ்யாவில் ஒதெஸ்ஸாவில் பிலாத்தவ் என்ற கண் வைத்தியர் ஏறக்குறைய அதே சமயத்தில் தனியாக இதையே கண்டுபிடித்திருந்தார். மார்பிலிருந்தோ தோளிலிருந்தோ முகத்துக்குத் துதிக்கைபோலத் தொங்கும் சதையோடு அந்த ஆட்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

மூக்குக்கு நெற்றித் தோலைத் திருப்பி இறக்குவது இன்னொரு முறை. மேற்கில் அதற்கு இந்திய முறை என்றே பெயர். 1794-ல் லண்டன் ஜென்டில்மென்ஸ் மாகஸினில் ஒரு கடிதம் வந்தது. 1792 யுத்தத்தில் ஆங்கிலப் படையில் வண்டிமாடு ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் அகப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே ஒருவர் நெற்றித் தோலில் அவருக்கு மூக்கு செய்துகொடுத்தார். இதைப் படித்து, பயிற்சி செய்து, 1814-ல் கார்ப்யூ என்ற சர்ஜன் லண்டனில் செய்தும் காட்டினார். நம் பழம்பெருமைக்காரர்கள் இந்த இடத்தில் சுஸ்ருதரைச் சொல்லி மீசை முறுக்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. செங்கல் வேலைக்காரர் ஜாதி என்று கடிதம் சொல்கிற அந்த மனிதரின் பெயரை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. மூக்கு இழந்தவரின் பெயரும் படமும் இருக்கின்றன. மூக்கு செய்தவர் கை மட்டும்தான். நம் காவியத்தில் சூர்ப்பணகைக்கு மூக்கு போகிறது. அதற்குப் பின் அவள் யுத்தத்துக்கு ஒரு காரணமாக மட்டுமே மிஞ்சுகிறாள். அவள் வீடு திரும்பி எப்படி வாழ்ந்தாள் என்று கேட்க நமக்குத் தோன்றியதில்லை.

கில்லீஸும் தோற்றிருக்கிறார். முகம் முழுவதும் வெந்துபோன ஓர் இளம் விமானிக்கு 1918-ல் மார்புத் தோலை ஒரே வீச்சில் எடுத்து முழு முகமாகப் பொருத்தப் பார்த்தார். தோல் அழுகிற்று. சில வாரங்களில் அந்தப் பையன் செத்துப்போனான். சிறிது சிறிதாகச் செய்திருக்கவேண்டும் என்று கில்லீஸ் கற்றுக்கொண்டார். நாளைக்குத் தள்ளிப்போடக்கூடியதை இன்று செய்யாதே என்பது பிற்காலத்தில் அவர் மாணவர்களுக்குச் சொன்ன விதிகளில் ஒன்று. ஒரு சோம்பேறியின் வேதாந்தம்போலத் தொனிக்கும் இந்த வாக்கியத்துக்கு அடியில் ஒரு சாவு இருக்கிறது.

இனி நம் பேட்டைக்கு வருகிறேன். கில்லீஸின் ஓவியர் ஹென்றி டாங்க்ஸ். சர்ஜனாகத் தேறி, சர்ஜரியை விட்டுவிட்டு, லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் சித்திரம் கற்பித்தவர். 1910-ல் ரோஜர் ஃபிரை லண்டனில் ஸெஸான், வான்கோ, கோகன் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தியபோது, போகாதீர்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்ட மனிதர். நவீனத்துவத்தின் சரித்திரத்தில் அவருக்குக் கிடைத்த பாத்திரம் பத்தாம்பசலி வாத்தியார். அந்தப் பத்தாம்பசலி 1916-ல் ஆல்டர்ஷாட்டுக்கு வந்து, கில்லீஸின் நோயாளிகளை ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் பாஸ்டல் சுண்ணங்களில் வரைந்தார். கறுப்புவெள்ளைப் புகைப்படத்தில் வராத சதையின் நிறம் அதில் வந்தது.

அந்தச் சித்திரங்களில் கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் குழி. உதடு கழுத்துப் பக்கம் இழுபட்டுப்போயிருக்கிறது. டாங்க்ஸ் எதையும் கூட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை. பாரிஸில் 1907-லேயே பிக்காஸோ முகத்தை உடைத்துவிட்டார். அது அவருடைய தேர்வு; உடைந்த முகத்திலிருந்து ஒரு புது வடிவம் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சிதைவு என்பதை ஒரு உத்தியாக மட்டும் கற்றுக்கொண்ட நமக்கு, நவீன ஓவியத்தை வெறுத்த ஒருவர்தான் இந்த நூற்றாண்டுகளின் மிகச் சிதைந்த முகங்களை நேர்மையாகப் பார்த்தவர் என்பது சங்கடமான செய்தி. 1920-ல் ஓட்டோ டிக்ஸ், சீட்டாடும் மூன்று யுத்த ஊனர்களை வரைந்தார். இரும்புத் தாடை, மரக்கால், கண்ணாடிக் கண். பெரிய ஓவியம். அதில் டிக்ஸின் கோபம் பேசுகிறது; அந்த மூவரும் அந்தக் கோபத்துக்குச் சாட்சிகள். டாங்க்ஸின் ஆட்கள் யாருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். பொதுஜனங்கள் பார்க்க ஏற்றவையல்ல இவை என்று டாங்க்ஸே நினைத்தார். பல வருஷங்கள் அவை வைத்தியர்களின் உடைமையாகவே கிடந்தன.

ஸிட்கப்பில் வார்டுகளில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குள் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வர்ணம் அடித்துவைத்தார்கள். நீல பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் அதிர்ச்சியடைய நேரலாம் என்று ஊர்க்காரர்களுக்கு முன்னறிவிப்பு. இதில் கருணை இருந்தது. நோயாளியும் வெளியே வந்து வெயில் காயலாம். ஊர்க்காரரும் எதிர்ப்பக்கம் நடந்துவிடலாம். எதிரில் வருகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தவனுக்கு வேறு கண்ணாடி வேண்டுமா? சர்ஜன் தோலையும் எலும்பையும் வைத்துச் செய்யக்கூடிய முகம் ஒன்று. பார்க்கிறவன் செய்துகொடுக்க வேண்டிய முகம் ஒன்று. இரண்டாவதைச் செய்யும் வேலையை ஸிட்கப் பெஞ்சுகளிடம் விட்டுவிட்டது.

அடுத்த யுத்தத்தில் கில்லீஸின் உறவினரும் சீடருமான ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ இதை மாற்றினார். அவரும் டனீடின்காரர்தான். 1939-ல் லண்டனை விட்டு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். விமானங்களில் வெந்த இளைஞர்கள் அவரிடம் வந்தார்கள். ஊர்க்காரர்களிடம் பேசி, இவர்களை வீட்டுக்கும் மதுக்கடைக்கும் அழையுங்கள், வெறித்துப் பார்க்கவும் வேண்டாம், கண்ணைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊர் கேட்டது. வெறித்துப் பார்க்காத ஊர் என்ற பெயரும் அதற்கு வந்தது. 1941-ல் நோயாளிகள் தாங்களே ஒரு சங்கம் வைத்து, சர்ஜனின் சோதனைக்கு அகப்பட்ட கினிப் பன்றிகள் நாங்கள் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். கேலி செய்யும் உரிமை அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

என் அத்தைக்கு 1996-ல் பம்ப் ஸ்டவ் வெடித்து வலது கன்னமும் கழுத்தும் கண்ணிமையும் வெந்தன. அப்பாவின் அக்கா, முனிசிபல் பள்ளியில் டீச்சர், கல்யாணமாகாதவள். மோவாய் இறங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அரசு ஆஸ்பத்திரி சர்ஜன் ஒருவர் தொடைத் தோலை எடுத்துவைத்துக் கழுத்தை நிமிர்த்தினார். அடுத்தது உதடு. மூன்றாவதாகக் கண்ணிமை என்று நாள் சொல்லியிருந்தபோது அவருக்கு வேறு நகரத்துக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே வாருங்கள், நானே செய்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பா கூட்டிக்கொண்டு போகத் தயாராக இருந்தார். அத்தை கிளம்பவில்லை.

“புது ஊர்ல முதல்லேர்ந்து எல்லார்கிட்டயும் முகத்தைக் காட்டணுண்டா தம்பி. இங்கே பாத்துப் பழகினவங்க பத்துப் பேராவது இருக்காங்க” என்றாள் அப்பாவிடம்.

அந்தப் பத்துப் பேரில் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெரியவர்கள் அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துப் பேசினார்கள். விசேஷங்களில் அவளைச் சமையல்கட்டுப் பக்கம் மரியாதையாக உட்காரவைத்தார்கள். நம் வீடுகளிலும் நீல பெஞ்சு உண்டு. பிள்ளைகள் ஒரு வாரம் முழுசாக வெறித்துப் பார்த்தார்களாம். அப்புறம் ஒரு பெண் எழுந்து, “டீச்சர், வலிக்குதா?” என்று கேட்டிருக்கிறாள். வலிக்கவில்லை, இழுக்கிறது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். அதோடு முடிந்தது. பிறகு வாய்ப்பாடுதான். அந்த சர்ஜனைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் ஒன்றைத்தான் சொல்வாள்: “கை வச்சு, இழுத்து, திருப்பிப் பாத்தவர் அவர் ஒருத்தர்தான்.”

நம் மண்ணிலேயே இதைப் பெரிய அளவில் கண்டவர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை, தசைநார்களை மாற்றித் தைத்து நிமிர்த்தினார். கை திரும்பக் கிடைத்தவர்கள் வெளியே போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லை என்றார்கள். விரல் நிமிர்ந்தவனுக்கு யாரும் காசு போடுவதில்லை; முகத்தில் நோயின் அடையாளம் இருப்பதால் யாரும் வேலையும் கொடுப்பதில்லை. கைக்கு வைத்தியம் பார்த்தவர்கள் முகத்துக்கு வரவேண்டியதாயிற்று. உதிர்ந்த புருவத்துக்குத் தலைத்தோலிலிருந்து முடியோடு எடுத்துவைத்தார்கள். சப்பிப்போன மூக்கை உள்ளேயிருந்து புதுத் தோல் வைத்து நிமிர்த்தினார்கள். அந்த முறை கில்லீஸின் வழி வந்தது. பிராண்ட் 1966-ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக்குப் போய்விட்டார். ஸிட்கப்பின் ஆப்பரேஷன் மேஜையிலிருந்து வேலூர் வரைக்கும் ஒரு நூல் ஓடுகிறது. புருவம் இருந்தால் வேலை கிடைக்கும் என்ற உண்மையும் அதில் கோத்திருக்கிறது. அதை நினைத்தால் வைத்தியத்தைப் பற்றிப் பெருமைப்படுவதா, ஊரைப் பற்றி வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

என் கவுண்ட்டரில் இப்போது வாடிக்கையாளரின் கையெழுத்தும் படமும் கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. ஒப்பிடுவது வேறு, பார்ப்பது வேறு என்று பதினோரு வருஷத்தில் புரிந்திருக்கிறது. அத்தை ரிட்டயராகி, பென்ஷன் வாங்குகிறாள். உயிரோடிருப்பதாக வருஷத்துக்கு ஒரு முறை நிரூபிக்கவேண்டும். கைபேசியில் முகத்தைக் காட்டியே அதைச் செய்யலாம் என்று ஆனதும் நான் அவள் முன்னால் போனைப் பிடித்தேன். கண்ணை மூடித் திறக்கச் சொன்னது. அவளுடைய வலது இமை பாதிக்கு மேல் இறங்காது. மூன்று முறை முயன்றோம். “டாக்டர் பாக்கி வச்சுட்டுப் போனதை இது கேக்குதுடா” என்று சிரித்தாள். மறுநாள் ஆபீசுக்கே போய், அங்கிருந்த பெண்ணின் எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். நேரில் போகும் வழி இன்னும் இருக்கிறது.

‘முகமற்ற கூட்டம்’ என்று ஒரு கவிஞன் எழுதும்போது அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டுப் பார்க்கலாம். கூட்டத்துக்கு வெளியே, பார்க்கிறவனுடைய இடத்தில். அந்த வார்த்தையைப் போட்டுவிட்டபின் எந்த முகத்தையும் தனியாகப் பார்க்கவேண்டிய சிரமம் அவனுக்கு இல்லை. கூட்டம் மொத்தத்தையும் உட்காரவைத்து, பெஞ்சுக்கு நீலம் அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் நடக்கிறான். நாமும் மதிப்புரையில் அதை நவீனப் பிரக்ஞை என்று எழுதிவிடுகிறோம். நம் வட்டம் சிறியது, முகதாட்சண்யம் பெரியது.

டாங்க்ஸின் சித்திரங்கள் இன்று யாரும் பார்க்கக் கிடைக்கின்றன. கவிதை எழுதுகிறவர்கள் வரிசையாக ஒரு பத்தையாவது பார்க்கவேண்டும். முதலிரண்டில் கண்ணை எடுக்கத் தோன்றும். ஐந்தாவது ஆறாவதில் காயம் சற்றுப் பின்னுக்குப் போய், இவன் சரியாகத் தூங்கவில்லை, இவனுக்கு உட்கார்ந்து அலுத்துவிட்டது, இவன் எதையோ கேட்க நினைக்கிறான் என்று ஆள் தெரிய ஆரம்பிக்கிறது. அத்தையின் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு வாரம் ஆயிற்று.